கரண்ட் போனால் போனும் போகும்! சின்ன ஆபீசுக்கு இண்டர்நெட் போன் வாங்கப் போகிறீர்களா?

திருப்பூர்,

"ஏனுங்க, உங்க ஆபீஸ் நம்பருக்கு காலையில இருந்து போடறேன். தொடர்பு கொள்ள முடியலைன்னே சொல்லுது. கம்பெனிய மூடிட்டீங்களா?"

செல்போனில் இப்படி ஒரு கேள்வி வந்தால் எந்த பனியன் கம்பெனிக்காரருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். கம்பெனியும் மூடவில்லை, போன் பில்லும் பாக்கி இல்லை. மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு பணி. அன்றைக்கு காலை 9 மணிக்கே கரண்ட் போய்விட்டது. தையல் மெஷின்களுக்கு ஜெனரேட்டர் ஓடுகிறது. ஆனால் ஆபீஸ் ரூம் மூலையில் கிடக்கும் பைபர் மோடத்தின் பிளக் மட்டும் ஜெனரேட்டர் லைனில் இல்லை. மோடம் அணைந்தால் இண்டர்நெட் போனும் அணைந்து விடும். கூப்பிட்ட வியாபாரி அடுத்த கம்பெனிக்கு போன் போட்டு ஆர்டரை கொடுத்திருப்பார்.

திருப்பூர், ஈரோடு, கரூர், சிவகாசி என்று தொழில் ஊர்களில் ஆபீஸ் டேபிள் மீது இருந்த பழைய டெலிபோன் போய், கேபிள் சொருகிய இண்டர்நெட் போன் வந்து கொண்டிருக்கிறது. ஐ.பி. போன் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். பார்க்க பழைய போன் மாதிரியே ரிசீவர், பட்டன் எல்லாம் இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது ஒரு குட்டி கம்ப்யூட்டர். இதை வாங்கும்போது எதை கவனிக்க வேண்டும், எங்கே ஏமாறாமல் இருக்க வேண்டும் என்ற விவரம் வருமாறு:-

காப்பர் கம்பி காலம்

ஒரு காலத்தில் டெலிபோன் கனெக்சனுக்கு எழுதி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் தொழில்காரர்கள். ஓ.ஒய்.டி. திட்டத்தில் முன்பணம் கட்டி முந்திக்கொண்டு வாங்கியவர்களும் உண்டு. அப்படி வாங்கிய கருப்பு போனுக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. ஊரே இருட்டானாலும் அது வேலை செய்யும். எக்சேஞ்சில் உள்ள பேட்டரியில் இருந்து 48 வோல்ட் மின்சாரம் அந்த காப்பர் கம்பி வழியாகவே வீட்டுக்கும் கடைக்கும் வந்து கொண்டிருந்தது. அதனால்தான் தனியாக பிளக் பாயிண்ட் தேவைப்படவில்லை.

பைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி போகும், மின்சாரம் போகாது. எனவே மோடத்துக்கு கரண்ட், ரவுட்டருக்கு கரண்ட், போனுக்கு கரண்ட் எல்லாம் நம்ம பொறுப்பு. பைபருக்கு மாறிய பல பேருக்கு இந்த ஒரு விஷயத்தை லைன் மாட்ட வந்தவர் சொல்வதே இல்லை. பிறகு மழை நேரத்தில் கரண்ட் போகும்போதுதான் தெரிகிறது.

இண்டர்நெட் போனில் நாம் பேசும் குரல் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, நொடிக்கு சாதாரணமாக 50 பொட்டலங்களாக இண்டர்நெட்டில் அனுப்பப்படுகிறது. மறுமுனையில் அவை வரிசையாக சேர்க்கப்பட்டு மீண்டும் குரலாகிறது. யார் யாரை கூப்பிடுகிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்பதை பேசிக்கொள்ள எஸ்.ஐ.பி. என்ற பொது விதிமுறை இருக்கிறது. 2002-ம் ஆண்டு இதன் இன்றைய வடிவம் வெளியானது. கடையில் போனை கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது "இது எஸ்.ஐ.பி. போன்தானே?" என்பதுதான். அது இருந்தால் பெரும்பாலும் எந்த கம்பெனி லைனிலும் வேலை செய்ய வைக்கலாம்.

வாங்கவே வேண்டாம்!

இதை படித்துவிட்டு உடனே கடைக்கு ஓட வேண்டாம். ஆபீசில் ஒரே ஒரு போன், எடுப்பது ஒரே ஒரு ஆள் என்றால் ஐ.பி. போன் தேவையே இல்லை. பைபர் மோடத்தின் பின்பக்கம் பாருங்கள். அகலமான இண்டர்நெட் ஓட்டைகளுக்கு பக்கத்தில் சின்னதாக, பழைய டெலிபோன் பின் சொருகும் ஓட்டை ஒன்று இருக்கும். லைன் கொடுத்தவர் நம்பரையும் அதில் ஏற்றி கொடுத்திருந்தால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பட்டன் போனை எடுத்து வந்து சொருகினால் போதும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

ஏற்கனவே இண்டர்காம் வைத்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 8 எக்ஸ்டென்சன் கொண்ட பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி நன்றாக ஓடிக் கொண்டிருந்தால் அதை ஏன் கழற்ற வேண்டும்? மோடத்தின் அந்த சின்ன ஓட்டையில் இருந்து வரும் ஒயரை, முன்பு காப்பர் லைன் வந்த இடத்தில் கொடுத்தால் பெட்டிக்கு வித்தியாசமே தெரியாது. பெட்டி ரிப்பேர் ஆகி, பார்ட்ஸ் கிடைக்காத நிலை வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஐ.பி. போன் எப்போது லாபம்? ஒரே நேரத்தில் 2, 3 கால் வர வேண்டும், ஒரே நம்பரில் அடித்தால் முதலில் ரிசப்சன், அங்கே எடுக்காவிட்டால் அக்கவுண்ட்ஸ், அடுத்து முதலாளி செல்போன் என்று சுற்ற வேண்டும், காதர்பேட்டை கடையில் ஒரு போன், பல்லடம் ரோட்டு யூனிட்டில் ஒரு போன், இரண்டும் இண்டர்காம் மாதிரி 3 நம்பரில் பேசிக்கொள்ள வேண்டும். இப்படி தேவை வந்தால்தான் அதற்கு செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

ஒற்றை எழுத்தில் இருக்குது விஷயம்

சந்தையில் கிராண்ட்ஸ்ட்ரீம், யீலிங்க், பேன்வில், சிஸ்கோ, பாலி போன்ற வெளிநாட்டு போன்களும், குஜராத்தின் வதோதராவை சேர்ந்த மேட்ரிக்ஸ் கம்பெனியின் போன்களும் கிடைக்கின்றன. சாதாரண மாடல் சில ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்து, பெரிய கலர் திரை கொண்டவை அதைப்போல பல மடங்கு வரை போகிறது.

பெட்டியில் உள்ள மாடல் நம்பரை கண்ணை அகல திறந்து படிக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இரண்டு போன் இருக்கும். ஒன்றின் பெயர் கடைசியில் "பி" என்ற ஆங்கில எழுத்து இருக்கும், இன்னொன்றில் இருக்காது. விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். பல கம்பெனிகளின் குறைந்த விலை மாடல்களில் அந்த எழுத்துக்கு அர்த்தம், இண்டர்நெட் கேபிள் வழியாகவே கரண்டும் வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது என்பது. இதற்கு பி.ஓ.இ. என்று பெயர்.

விலை குறைவு என்று "பி" இல்லாததை 5 எண்ணம் வாங்கிவிட்டால் 5 டேபிளிலும் 5 அடாப்டர், 5 பிளக் பாயிண்ட் வேண்டும். கரண்ட் போனால் 5 இடத்திலும் யு.பி.எஸ். வேண்டும். பி.ஓ.இ. போன் என்றால் எல்லா கேபிளும் ஒரே சுவிட்ச் பெட்டிக்கு வந்து சேரும். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் யு.பி.எஸ். கொடுத்தால் போதும். திருப்பூர் மாதிரி ஊருக்கு இதுதான் சரி.

இதில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. பி.ஓ.இ. மாடல்களில் பலவற்றுக்கு பெட்டிக்குள் அடாப்டர் வைப்பதே இல்லை. வீட்டுக்கு வந்து பிரித்து பார்த்துவிட்டு "கடைக்காரர் அடாப்டரை எடுத்துக்கிட்டார்" என்று சண்டைக்கு போகிறவர்கள் உண்டு. அது தனியாக காசு கொடுத்து வாங்க வேண்டியது.

சுவிட்ச் பெட்டி வாங்கும்போது 802.3 ஏ.எப். என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வகை சுவிட்ச் முதலில் "நீ கரண்ட் வாங்கும் சாதனமா?" என்று போனிடம் கேட்டுவிட்டுத்தான் 48 வோல்ட் அளவில் மின்சாரம் அனுப்பும். கேமரா கடைகளில் மலிவாக விற்கும் சில பெட்டிகள் எதையும் கேட்காமல் நேராக கரண்டை தள்ளிவிடும். அதில் போனை சொருகினால் ஒன்று போன் வேலை செய்யாது, அல்லது புகைந்துவிடும்.

கேபிளும் முக்கியம். அலுமினியத்துக்கு மேல் தாமிரம் பூசிய கேபிள் பாதி விலைக்கு கிடைக்கும். ஆனால் தூரம் கூடினால் போனுக்கு போய் சேரும் கரண்ட் குறைந்து, போன் அடிக்கடி அணைந்து அணைந்து எரியும். சுத்த தாமிர கேபிளாக கேட்டு வாங்க வேண்டும். எந்த கேபிளாக இருந்தாலும் ஒரே இழுப்பில் 100 மீட்டரை தாண்டக்கூடாது. நீளமான ஷெட் கட்டியிருக்கும் யூனிட்டுகளில் முன்பக்க ஆபீசில் இருந்து பின்பக்க பேக்கிங் செக்சனுக்கு இழுக்கும்போது இந்த கணக்கு இடிக்கும். நடுவில் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டியது வரும்.

கம்ப்யூட்டர் மந்தமானது ஏன்?

ஐ.பி. போனின் பின்னால் 2 ஓட்டை இருக்கும். ஒன்று இண்டர்நெட் உள்ளே வருவது. மற்றொன்றில் இருந்து பக்கத்து கம்ப்யூட்டருக்கு ஒயர் கொடுக்கலாம். ஒரு டேபிளுக்கு ஒரே கேபிள் என்பதால் ஒயரிங் செலவு பாதி மிச்சம்.

ஆனால் விலை குறைந்த போன்களில் அந்த ஓட்டை 100 எம்.பி. வேகம்தான் கொடுக்கும். 200 எம்.பி. பிளான் போட்டிருந்தாலும் போனுக்கு பின்னால் உள்ள கம்ப்யூட்டருக்கு 100-க்கு மேல் வராது. பில் போடும் கம்ப்யூட்டருக்கு இது தாராளம். டிசைன் பைல்களை சர்வரில் இருந்து இழுத்து வேலை செய்யும் டேபிளுக்கு கடுப்பாக இருக்கும். அங்கே மட்டும் கிகாபிட் என்று எழுதிய போன் வாங்கலாம், அல்லது கம்ப்யூட்டருக்கு தனி ஒயர் இழுத்துவிடலாம். எல்லா டேபிளுக்கும் கிகாபிட் போன் வாங்கச் சொல்லி கடைக்காரர் வற்புறுத்தினால் மறுத்து விடலாம். பேசுவதற்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை.

எவ்வளவு தேவை? சாதாரண தரத்தில் ஒரு கால் பேச போக 90 கே.பி., வர 90 கே.பி. அளவு ஆகும். 5 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை எம்.பி.க்குள் அடங்கிவிடும். அப்படியானால் 100 எம்.பி. லைன் இருந்தும் ஏன் குரல் வெட்டி வெட்டி கேட்கிறது?

வேகம் இருந்தால் மட்டும் போதாது, பொட்டலங்கள் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். ஒரு பக்கம் குரல் போய்ச்சேர 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு சங்கம் சொல்லும் அளவு. ஆபீசில் யாரோ ஒருவர் பெரிய வீடியோவை மெயிலில் ஏற்றுகிறார், கேமரா பதிவு வெளியே போய்க் கொண்டிருக்கிறது என்றால் வெளியே போகும் பாதை அடைத்துக்கொள்ளும். குரல் பொட்டலம் வரிசையில் நிற்கும். மறுமுனைக்காரருக்கு "ஹ... லோ... ஐந்... டஜன்" என்றுதான் கேட்கும். 5 டஜனா, 50 டஜனா என்று தெரியாமல் ஆர்டர் எழுதினால் நஷ்டம் யாருக்கு?

இதற்கு ரவுட்டரில் குரலுக்கு முதல் வழி விடும் வசதி இருக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு வழி விடுகிற மாதிரிதான். லைன் மாட்டிக் கொடுக்கும்போதே அதை போட்டு கொடுக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு தொல்லை, மணி அடிக்கும், எடுத்தால் நாம் பேசுவது அவருக்கு கேட்கும், அவர் பேசுவது நமக்கு கேட்காது. போன் ரிப்பேர் என்று நினைத்து மாற்றிக்கொண்டு வந்தாலும் அதே கதைதான். பல இடங்களில் குற்றவாளி ரவுட்டரில் உள்ள எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்ற ஒரு அமைப்பு. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு பொட்டலத்தின் விலாசத்தை மாற்றி குழப்பிவிடும். அதை ஆப் செய்தாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். வொய்பையில் ஓடும் போன்களும் வந்திருக்கின்றன. தகர ஷெட், இரும்பு ரேக், நூற்றுக்கணக்கான செல்போன் இருக்கும் இடத்தில் அதை நம்ப முடியாது. ஒயர்தான் நல்லது.

எத்தனை பட்டன் வேண்டும்?

"இது 4 லைன் போன், 6 லைன் போன்" என்று விற்பார்கள். ஒரு டேபிளுக்கு 2 லைன் இருந்தாலே அதிகம். ரிசப்சனில் இருப்பவருக்கு மட்டும் பக்கவாட்டில் விளக்கு எரியும் பட்டன்கள் நிறைய உள்ள மாடல் தேவை. முதலாளி வேறு போனில் பேசிக் கொண்டிருந்தால் சிவப்பு விளக்கு எரியும். "அண்ணன் வேற லைன்ல இருக்காருங்க, 2 நிமிஷத்துல கூப்பிடச் சொல்றேங்க" என்று உட்கார்ந்த இடத்திலேயே பதில் சொல்லலாம். விளக்கு அணைந்திருந்தால் அதே பட்டனை அமுக்கி காலை மாற்றிவிடலாம்.

கலர் திரை, கேமரா வைத்த மாடல் எல்லாம் பகட்டுக்குத்தான். அந்த காசுக்கு ஒரு நல்ல ஹெட்செட் வாங்கினால் நாள் முழுக்க போன் பேசும் பெண்ணுக்கு கழுத்து வலி மிஞ்சும். ஹெட்செட் சொருக போனில் தனி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செல்போன் ஹெட்செட் இதில் பொருந்தாது என்பது குறிப்பிடத்தக்கது.

பவர் டேபிள் ஓடும் இடத்துக்கு பக்கத்தில் போன் வைப்பதாக இருந்தால் மணியின் சத்தம் முக்கியம். வாங்கும் முன் கடையில் போட்டு காட்டச் சொல்லலாம். கட்டிங் செக்சனில் பஞ்சு தூசி பறக்கும். அங்கே திரை வைத்த விலை உயர்ந்த போனை வைப்பது வீண்.

பாதி விலைக்கு பெரிய கம்பெனி போன்

பெங்களூர், சென்னையில் ஆபீஸ்களை காலி செய்யும் கம்பெனிகளின் பழைய போன்கள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. சிஸ்கோ பெயர் போட்ட போன் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கிறது என்றால் யாருக்கும் ஆசை வரும். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். அதில் பல மாடல்கள் அந்த கம்பெனியின் சொந்த சர்வரோடு மட்டும் பேசும்படி செய்யப்பட்டவை. உள்ளே இருக்கும் சாப்ட்வேரை மாற்றினால்தான் சாதாரண எஸ்.ஐ.பி. லைனில் ஓடும். சில மாடல்களில் அதற்கு லைசென்ஸ் காசு கட்ட வேண்டும், சிலவற்றில் அதுவும் முடியாது. லைனில் போட்டு ஒரு கால் பேசிக் காட்டினால் மட்டுமே காசு கொடுக்க வேண்டும்.

புது போனிலும் இந்த பூட்டு உண்டு. "எங்க லைன் எடுத்தா போன் இலவசம்" என்று கொடுக்கும் போன்கள் சில நேரம் அந்த கம்பெனிக்கு மட்டும் வேலை செய்யும்படி பூட்டப்பட்டிருக்கும். லைனை மாற்றினால் போன் பேப்பர் வெயிட்டாகத்தான் ஆகும். வாங்கும்போதே "வேற கம்பெனிக்கு மாறினா இதே போனை உபயோகிக்கலாமா?" என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. யூசர் நேம், பாஸ்வேர்டு விவரங்களையும் மாட்ட வரும் ஆளிடம் இருந்து எழுதி வாங்கி பத்திரப்படுத்த வேண்டும். அவர் வேலையை விட்டு போய்விட்டால் போனின் செட்டிங்கை திறக்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ராத்திரி 2 மணிக்கு வெளிநாட்டு கால்

பழைய போனில் யாராவது கம்பியை பிடித்து ஒட்டுத்தொடர்பு கொடுத்தால்தான் திருட முடியும். இண்டர்நெட் போனில் உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் திருடலாம். பெரும்பாலான போன்களும் சின்ன எக்சேஞ்ச் பெட்டிகளும் "அட்மின்" என்ற பெயரும் எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டும் போட்டுத்தான் தொழிற்சாலையில் இருந்து வருகின்றன. அதை மாற்றாமல் இண்டர்நெட்டில் திறந்து வைத்தால், திருட்டு கும்பலின் கம்ப்யூட்டர்கள் நாள் முழுக்க ஒவ்வொரு விலாசமாக தட்டிப் பார்த்து உள்ளே நுழைந்துவிடும். பிறகு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆபீஸ் பூட்டியிருக்கும் நேரத்தில் நிமிஷத்துக்கு அதிக கட்டணம் உள்ள வெளிநாட்டு நம்பர்களுக்கு கால் ஓடிக் கொண்டே இருக்கும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பில் எகிறியிருக்கும். உலகம் முழுவதும் நடக்கும் மோசடி இது.

தடுக்க பெரிய படிப்பு தேவையில்லை. முதல் நாளே எல்லா பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். ஐ.எஸ்.டி. தேவையில்லை என்றால் லைன் கொடுத்த கம்பெனியிடமே எழுதிக் கொடுத்து நிறுத்திவிட வேண்டும். ஏற்றுமதி கம்பெனி, ஐ.எஸ்.டி. கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு டேபிள் போனுக்கு மட்டும் திறந்து, மாதம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைக்கலாம். எக்சேஞ்ச் பெட்டியை வெளி இண்டர்நெட்டில் இருந்து யாரும் பார்க்க முடியாதபடி ரவுட்டரில் கதவை சாத்தி வைக்க வேண்டும். வீட்டில் இருந்து பார்க்கலாம் என்று சொல்லி போர்ட்டை திறந்து வைத்துவிட்டு போகிற ஆசாமிகளிடம் ஜாக்கிரதை.

மலிவு என்று மாட்டிக்கொள்ளாதீர்கள்

"வெளிநாட்டு கால் நிமிஷம் 20 பைசா, உங்க ஆபீஸ்ல ஒரு பெட்டி மட்டும் வைக்கணும், வாடகை நாங்களே தர்றோம்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். நிறைய சிம் கார்டு சொருகிய அந்த பெட்டிக்கு சிம் பாக்ஸ் என்று பெயர். வெளிநாட்டில் இருந்து இண்டர்நெட்டில் வரும் காலை உள்ளூர் கால் மாதிரி மாற்றிவிடும் திருட்டு எக்சேஞ்ச் அது. அனுமதி இல்லாமல் தொலைத்தொடர்பு சேவை நடத்தினால் 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்பு சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில், 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். இடம் கொடுத்தவரும் போலீஸ் ஸ்டேசன் படி ஏற வேண்டியிருக்கும்.

இண்டர்நெட் போனே சட்ட விரோதமா என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. லைசென்ஸ் பெற்ற டெலிபோன் கம்பெனிகள் இண்டர்நெட் வழியாக சாதாரண நம்பர்களுக்கு பேசும் சேவை தரலாம் என்று 2018-ல் மத்திய தொலைத்தொடர்பு துறை தெளிவுபடுத்தி விட்டது. எனவே லைசென்ஸ் உள்ள கம்பெனியிடம் ஆவணம் கொடுத்து லைன் எடுத்தால் எந்த வில்லங்கமும் கிடையாது.

20 வருஷ நம்பர் போய்விடுமா?

தொழில்காரர்களுக்கு போனை விட நம்பர்தான் பெரிது. 0421 என்று ஆரம்பிக்கும் அந்த நம்பர் பில் புக்கில் இருக்கிறது, அட்டைப்பெட்டியில் இருக்கிறது, கொல்கத்தாவிலும் டெல்லியிலும் உள்ள வியாபாரிகளின் டைரியில் இருக்கிறது. செல்போன் நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. அதே மாதிரிதான் லேண்ட்லைனுக்கும் இருக்கும் என்று நினைத்து பழைய லைனை சரண்டர் செய்துவிட்டு, பிறகு தலையில் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வசதி செல்போனுக்கு மட்டும்தான். ஒரு கம்பெனியின் லேண்ட்லைன் நம்பரை இன்னொரு கம்பெனிக்கு கொண்டுபோக முடியாது.

காப்பர் லைன் வைத்திருப்பவர்கள் அதே கம்பெனியின் பைபருக்கு மாறும்போது பழைய நம்பரையே தர முடியுமா என்று எக்சேஞ்சில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பி.எஸ்.என்.எல். லேண்ட்லைனில் இருந்து அதன் பைபருக்கு மாறியவர்கள் பலர் பழைய நம்பரையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு கம்பெனிக்குத்தான் போவேன் என்றால் பழைய லைனை உடனே வெட்ட வேண்டாம். சில மாதம் இரண்டையும் ஓட்டி, பழைய நம்பருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் புது நம்பரை சொல்லி, அதன்பிறகு விடலாம். மாத வாடகை கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால் ஒரு லோடு ஆர்டர் போவதோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

மாட்டும் ஆளிடம் இன்னொன்றையும் சொல்லி வைக்க வேண்டும். 2021 ஜனவரி 15-ந்தேதி முதல் லேண்ட்லைனில் இருந்து செல்போனுக்கு அடிக்கும்போது முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும். பழைய போனில் விரலால்தான் அடிக்க வேண்டும். ஐ.பி. போனில் 10 நம்பர் அடித்தால் பூஜ்யத்தை அதுவே சேர்த்துக்கொள்ளும்படி செட்டிங் போடலாம். போட்டுத் தரச் சொன்னால் 5 நிமிஷ வேலை, சொல்லாவிட்டால் தினமும் தொல்லை.

யு.பி.எஸ். கணக்கு

கடைசியில் மீண்டும் கரண்ட் விஷயம். ஒரு சாதாரண ஐ.பி. போன் 2 முதல் 4 வாட்தான் சாப்பிடும். 5 போன், பி.ஓ.இ. சுவிட்ச், மோடம், ரவுட்டர் எல்லாம் சேர்ந்தாலும் 40 வாட்டை ஒட்டித்தான் வரும். கம்ப்யூட்டருக்கு வாங்கும் 600 வி.ஏ. சின்ன யு.பி.எஸ்.ஸில் வேறு எதையும் சொருகாமல் இதை மட்டும் கொடுத்தால், பேட்டரி புதிதாக இருக்கும்வரை சுமார் ஒரு மணி நேரம் தாங்கும். பராமரிப்பு பணி நாளில் சாயந்திரம் வரை போன் வேண்டும் என்றால் இன்வெர்ட்டர் லைனிலோ ஜெனரேட்டர் லைனிலோ இந்த யு.பி.எஸ்.ஸை சொருக வேண்டும். ஜெனரேட்டர் இருந்தாலும் நடுவில் யு.பி.எஸ். கட்டாயம். கரண்ட் மாறும் அந்த சில நொடியில் மோடம் அணைந்து எரிந்தால், போன் மீண்டும் லைன் பிடிக்க ஒன்றிரண்டு நிமிஷம் ஆகிவிடும்.

மாட்டி முடித்தவுடன் மெயின் சுவிட்சை ஆப் செய்து பார்க்க வேண்டும். எல்லா டேபிளிலும் போன் எரிகிறதா, வெளியில் இருந்து செல்போனில் அடித்தால் மணி வருகிறதா என்று ஆளை நிற்க வைத்தே சோதிக்கலாம். பைபர் ஒயரே அறுந்துவிட்டால் ஆபீஸ் நம்பருக்கு வரும் கால் தானாக ஒரு செல்போனுக்கு திரும்பும்படி லைன் கம்பெனியிடம் கேட்டு வைக்க வேண்டும். இந்த திருப்பல் போனில் இல்லாமல் அவர்கள் சர்வரில் இருந்தால்தான் வேலை செய்யும்.

தீ விபத்து, ஆஸ்பத்திரி அவசரம் என்று வந்தால் இந்த போனை நம்பி நிற்கக் கூடாது. 112, 101, 108 ஆகிய நம்பர்கள் இந்த லைனில் போகுமா, போனால் எந்த ஊர் கட்டுப்பாட்டு அறைக்கு போகும் என்பதை லைன் கொடுத்த கம்பெனியிடம் கேட்டு தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே நம்பரை திருப்பூரிலும் வேறு ஊர் கிளையிலும் வைத்திருப்பவர்கள் இதை கட்டாயம் கேட்க வேண்டும். அங்கிருந்து கூப்பிட்டாலும் விலாசம் திருப்பூர் என்றே காட்டலாம். எனவே ராத்திரி ஷிப்ட் வாட்ச்மேனிடம் சார்ஜ் போட்ட ஒரு பட்டன் செல்போன் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.